பம்ப் லேன் பள்ளத்தின் உரிமையாளர்

டல்சி ஹார்கின் வீட்டு வாசலில் இருந்த பள்ளம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் ஆழம். நாற்பது இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பம்ப் லேன் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சந்து. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் ஓடை. டல்சியின் வேன் வெளியே போவதானால் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு அது வண்டிக்கடியில் ஒரு 'டொம்' சத்தம், அவ்வளவுதான். டல்சி ஏற்றிப் போவது கல்யாண கேக். இருபத்திரண்டு வருஷமாக நெதர்ஃபோல்ட் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கேக் அவளுடையதுதான்.

பிப்ரவரியில் ஒரு பொன்விழா கேக் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. மேல் தட்டு நழுவி, சர்க்கரையில் செய்து வைத்திருந்த தம்பதி குப்புற விழுந்தார்கள். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த நிஜத் தம்பதி பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டார்கள். டல்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் பதினான்காம் தேதி அவளுடைய ஒரே மகள் ஹெட்டிக்குக் கல்யாணம். நாலு தட்டு கேக். ஓரங்களில் தலைமுடி கனத்துக்கு ஐசிங் இழை இழுத்துச் சரிகை வேலை. பலமாக மூச்சு விட்டாலே அறுந்துவிடும் ரகம்.

விருந்து அரை மைல் தள்ளி, தேவாலயத்துக்கு அடுத்த கூடத்தில். தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே அடுக்கலாமென்றால், சனிக்கிழமை காலை அங்கே யோகா வகுப்பு. பதினொன்றரைக்குத்தான் கதவு திறப்பார்கள். பன்னிரண்டுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போகவேண்டியவளும் டல்சிதான். கையில் தூக்கிப் போகலாமென்றால் கேக் இருபது கிலோ, தூக்குகிறவருக்குக் காலடி தெரியாது. ஊரார் மகள்களுக்கெல்லாம் முழுசாகப் போன கேக், தன் மகளுக்கு மட்டும் விரிசலோடு போவதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மாவட்ட நிர்வாகமான ஹார்ல்ஷயர் கவுன்சிலுக்குப் போன் செய்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரு குரல் நாற்பது நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"அந்தப் பள்ளம் இப்ப யாரையாவது தாக்கிட்டிருக்கா?"

"இல்லம்மா. சும்மா கெடக்கு."

"அப்ப அவசரம் இல்லன்னு போட்டுக்கறேன்."

மூன்று வாரம் கழித்து கிளைவ் பென்ரோஸ் வந்தான். அவன் கவுன்சில் ஆள் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்பே கவுன்சில் சாலைப் பராமரிப்பு மொத்தத்தையும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. கிளைவ் அந்தக் கம்பெனியின் ஆய்வாளர். மஞ்சள் அங்கி, தலைக்கவசம். மேலே வானத்தைத் தவிர விழுவதற்கு ஒன்றும் இல்லாத சந்தில் அதை இறுக்கக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். வெல்வெட் பையிலிருந்து ஓர் எஃகு அளவுகோலை எடுத்துப் பள்ளத்தில் வைத்தான்.

"முப்பத்தெட்டு. ரெண்டு மில்லி பத்தல, மேடம்."

"எதுக்குப் பத்தல?"

"பள்ளம்னு சொல்றதுக்கு. ஒப்பந்தப்படி நாப்பதுலருந்துதான் பள்ளம்."

"அப்ப இது என்ன?"

"மேற்பரப்பு வேறுபாடு."

டல்சி அந்த மேற்பரப்பு வேறுபாட்டைப் பார்த்தாள். அதில் தண்ணீர் தேங்கி ஒரு குருவி குளித்துக்கொண்டிருந்தது.

"இது எப்பங்க நாப்பது ஆகும்?"

"நல்லாத்தான் வளருது," என்றான் கிளைவ், பிள்ளையைப் பாராட்டும் வாத்தியார் மாதிரி. "இன்னொரு பனிக்காலம் போனா ஆயிடும். ஆனா நீங்களா கைவெச்சு ஆழமாக்கிடாதீங்க. அது குற்றம். போன மாசம் ஒரு பாதிரியாரையே கையும் கடப்பாரையுமா பிடிச்சோம்."

"ஐயய்யோ, நான் அப்படியெல்லாம் பண்ணமாட்டேங்க. சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க," என்றாள் டல்சி. அந்த ஊரில் அப்படித்தான். கால் மிதிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏப்ரலில் கவுன்சிலிலிருந்தே ஒருத்தி வந்தாள். பெயர் ரோவீனா பார்ஜிட்டர், ரிஸ்க் நிர்வாக அதிகாரி. சந்து முனையில் காரை நிறுத்திவிட்டு, கைக்கணினியைப் பார்த்தபடியே நடந்து வந்தாள். பள்ளத்தைப் பக்கவாட்டில் கடந்தவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டல்சி தேநீர் போட்டாள், எலுமிச்சை கேக் வெட்டினாள்.

"மிஸஸ் ஹார்கின், நீங்க பிப்ரவரி பத்தொம்பதாம் தேதி போன் பண்ணீங்க. அதுக்கு முன்னாடி இந்த எடத்துல எந்த ரிஸ்க்கும் கெடையாது. தெரியுமா?"

"பள்ளம் போன நவம்பர்லருந்தே இருக்குங்களே?"

"பள்ளம் இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாத பள்ளத்துல யாராவது விழுந்தா அது விதி. தெரிஞ்ச பள்ளத்துல விழுந்தா அது வழக்கு. இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு." ரோவீனா கோபப்படவில்லை. பூ ஜாடியை உடைத்த குழந்தையிடம் பேசுகிற பொறுமையோடு சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் டல்சி. "அப்ப கம்பெனிக்காரங்க..."

"கம்பெனின்னு சொல்லாதீங்க. கூட்டாளி. ரோட்டோட ரிஸ்க் எல்லாத்தையும் நாங்க கூட்டாளிக்கு மாத்திக் குடுத்துட்டோம். அவங்க அதை அவங்களோட துணைக் கூட்டாளிக்கு மாத்திட்டாங்க. அவங்க ஒரு இன்சூரன்ஸ்காரங்களுக்கு மாத்திட்டாங்க."

"அப்ப இந்தப் பள்ளம் இப்ப எங்கங்க இருக்கு?"

"பள்ளம் இங்கதான் இருக்கு. ரிஸ்க் மட்டும் லீட்ஸ் நகரத்துல இருக்கு."

டல்சி ஜன்னல் வழியாக வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். ரோவீனா இன்னொரு துண்டு கேக் எடுத்தாள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம் என்றாள். கூட்டாளியின் பொறுப்பு நாற்பது மில்லிமீட்டரிலிருந்து தொடங்குகிறது. கவுன்சிலோ எல்லாப் பொறுப்பையும் கைமாற்றிவிட்டது. ஆகவே முப்பத்தெட்டு மில்லிமீட்டர் ரிஸ்க் யாருக்கும் சொந்தமில்லாமல் அநாதையாக நிற்கிறது. பதிவேட்டிலோ 'உரிமையாளர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது.

"இந்த ரிஸ்க்கைப் பத்தி யாருக்கு ரொம்பத் தெரியுமோ அவங்க பேரைப் போடலாம்னு வழிகாட்டில இருக்கு. மாவட்டம் முழுக்க விசாரிச்சுட்டேன். உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

டல்சி திகைத்தாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ரோவீனா மூன்றாவது கோப்பை தேநீரில் இருந்தாள். தன் கூடத்தில் உட்கார்ந்து தன் கேக்கைத் தின்றுகொண்டிருக்கிற விருந்தாளியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வதைவிட, அந்த ஊர்க்காரர்கள் பள்ளத்தில் குடியிருக்கவும் சம்மதிப்பார்கள். கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றியும் சொன்னாள்.

அடுத்த வாரம் தபாலில் ஓர் அட்டை வந்தது. நீல நாடாவில் தொங்கவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை. அவள் புகைப்படம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளத்தின் புகைப்படம். அடியில் 'ரிஸ்க் உரிமையாளர்' என்ற எழுத்து.

மே மாதம் கவுன்சிலின் தலைமையிடமான கவுன்ட்டி ஹாலில் ரிஸ்க் உரிமையாளர்கள் கூட்டம். பதினொரு பேர் வந்திருந்தார்கள். சாய்ந்த விளக்குக் கம்பம் ஒன்றுக்கு உரிமையாளரான ஒரு முடிதிருத்துபவர், அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருமே என்றோ ஒருநாள் போன் செய்தவர்கள். சாலைப் பொறுப்பு வகிக்கும் கவுன்சிலர் டெஸ்மண்ட் ஆல்டிஸ் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, ஏழு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கவுன்சில் தலைமேல நாலாயிரத்து இருநூறு ரிஸ்க் இருந்துச்சு. இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. அத்தனையும் கைமாத்தியாச்சு. ரோடுங்க கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கு, ஒத்துக்கறேன். அதையும் கூடிய சீக்கிரம் பாத்துக்கறோம். முன்னெல்லாம் மக்கள் எங்கிட்ட வந்து 'ரோடு சரியில்ல'ன்னு திட்டுவாங்க. இப்ப யாரைத் திட்டறதுன்னு அவங்களுக்கே தெரியல. இது சாதாரண சாதனை இல்ல!"

கைதட்டல் எழுந்தது. டல்சியும் தட்டினாள். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லையே.

அவள் முறை வந்தது. எழுந்து, கூச்சத்தோடு, பள்ளத்தை மூடிவிட்டால் நன்றாக இருக்கும் என்றாள். முடிதிருத்துபவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"மூடறது ரிஸ்க் நிர்வாகம் இல்ல, மிஸஸ் ஹார்கின்," என்றாள் ரோவீனா. "மூடறது வேலை. வேலை கூட்டாளியோடது. உரிமையாளர் செய்யக்கூடியது மூணுதான். கவனிக்கறது, தவிர்க்கறது, இல்ல வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கறது."

"மாத்திக் குடுக்க என்னங்க பண்ணணும்?"

"எதிராளி ஏத்துக்கணும். எழுதித்தான் குடுக்கணும்னு இல்ல. சாட்சியோட ரிஸ்க்கைக் கையில வாங்கிட்டாப் போதும். நாங்க அப்படித்தான் குடுத்தோம்." ரோவீனா கணினியைத் தட்டினாள். "பாதிப்பு என்னன்னு போடட்டும்?"

"எம்பொண்ணு கல்யாண கேக் உடஞ்சுபோகும்."

ரோவீனா பட்டியலை மேலும் கீழும் தேடினாள். "கேக்னு ஒரு வகை இல்லயே. கவுன்சிலோட நற்பெயருக்குப் பாதிப்புன்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கேக்ல கவுன்சில் பேரு எழுதியிருக்கா?"

"ஹெட்டி, ரூபர்ட்னுதான் எழுதப் போறேன்."

"அப்ப பூஜ்யம்." ஒரு கணம் யோசித்தவள், அக்கறையோடு கேட்டாள். "கல்யாணத்தை வேற ஊருக்கு மாத்த முடியுமா?"

டல்சி பேருந்தில் வீடு திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. வாழ்நாளில் அதிகம் பழக்கமில்லாத உணர்ச்சி என்பதால் முதலில் அஜீரணம் என்றுதான் நினைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை சரிகை வேலை முடிந்தது. ஐந்து நாள் குனிந்து இழுத்த இழைகள். சமையலறை மேஜையில் நின்ற கேக்கைப் பார்த்தாள், ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

"என்னோடதுதானே," என்றாள் உரக்க.

அவளிடம் தார் இல்லை. போன கிறிஸ்துமஸில் விற்காமல் நின்ற மூன்று பழக் கேக்குகள் இருந்தன. அவற்றை உடைத்துப் பிராந்தி விட்டுப் பிசைந்து, பள்ளத்தில் கொட்டி, பூரிக்கட்டையால் இடித்து இறுக்கினாள். மேலே ராயல் ஐசிங், காய்ந்தால் இறுகிப்போகிற சர்க்கரைப் பூச்சு. கேக்குக்கென்றால் கொஞ்சம் கிளிசரின் விடுவாள், கத்தி இறங்கவேண்டுமே. இதற்குக் கிளிசரின் விடவில்லை. கரியும் சாம்பலுமாகச் சாயம் கலந்து, தட்டைக் கத்தியால் ஒரே இழுப்பாக இழுத்து விட்டாள். மறுநாள் காலை அது கல்லாகியிருந்தது. மழை வந்தால் கரையும். ஆனால் ஞாயிறு வரை மழை இல்லை என்று வானொலி சொன்னது, அவளுக்குச் சனிக்கிழமை மதியம் வரை தாங்கினால் போதும்.

வெள்ளிக்கிழமை தபால் வேன் வந்தது. 'டொம்' கேட்கவில்லை. தபால்காரர் வண்டியை நிறுத்தினார், பின்னால் எடுத்தார், மறுபடி முன்னால் ஓட்டினார். நாலு தடவை இப்படிச் செய்த பிறகு இறங்கி வந்து, தரையைத் தடவிப் பார்த்தார்.

"ஹார்ல்ஷயர்லயே இதான் நல்ல ரோடு, டல்சி. அளவா ஒரு முழந்தான் இருக்கு, அதான் வருத்தம்."

அந்தச் சந்தோஷத்தில் படம் பிடித்து ஊர் முகநூல் குழுவில் போட்டுவிட்டார். பாவம், நல்லதாக நினைத்துத்தான் செய்தார்.

நாலு மாசம் வராத லாரி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றது. கூடவே கிளைவ், கூடவே ரோவீனா. ஸ்டான், மாரெக் என்று இரண்டு தொழிலாளிகள். சந்தின் குறுக்கே தடுப்பு வைத்தார்கள், கூம்புகளை அடுக்கினார்கள்.

"என்னங்க இது?" டல்சி கல்யாண உடுப்பில், தொப்பியோடு ஓடி வந்தாள்.

"அனுமதியில்லாம ரோடு நல்லா இருக்கு," என்றான் கிளைவ். "முதல் வகை அவசரம்."

"பதிவேட்டுல முப்பத்தெட்டுன்னு இருக்கு," என்றாள் ரோவீனா. அவள் முகம் வெளிறியிருந்தது. "எடத்துல பூஜ்யம் இருக்கு. திங்கட்கிழமை தணிக்கை. பதிவேடு தப்பா இருக்க முடியாது. அதனால பள்ளத்தைத் திரும்ப வெக்கறோம்."

ஸ்டான் கடப்பாரையை இறக்கினான். ஐசிங் அசையவில்லை. மாரெக் உடைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தான். பத்து நிமிஷம் அது அலறியது. கடைசியில் ஐசிங் பெயர்ந்தது. கூடவே அடியிலிருந்த தாரையும் பாளமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஸ்டான் உள்ளே கிடந்ததை ஒரு துண்டு எடுத்து முகர்ந்தான், வாயில் போட்டான்.

"கண்ணு, இது நீ செஞ்சதா? இருபது வருஷமா பள்ளம் தோண்டறேன், இப்படி ஒரு ருசியான பள்ளத்தைப் பாத்ததில்ல."

கிளைவ் மண்டியிட்டு அளந்தான். எழுந்திருக்க நேரம் பிடித்தது.

"அறுபத்தொண்ணு."

"அப்ப நாப்பதுக்கு மேல!" என்றாள் டல்சி. "இப்பவே மூடிடலாமே! தார் லாரிலயே இருக்கே!"

"இது பழைய பள்ளம் இல்ல மேடம். நாங்க தோண்டினது. புதுப் பள்ளம். பொதுமக்கள்ல யாராவது புகார் குடுக்கணும். எங்க பள்ளத்தை நாங்களே புகார் பண்ண முடியாது, நீங்க உரிமையாளர், நீங்களும் பண்ண முடியாது."

தேவாலய மணி பதினொன்றரை அடித்தது. டல்சியின் கைப்பையில் போன் அதிர்ந்தது.

"அம்மா, எங்க இருக்க?" என்றாள் ஹெட்டி. "கூடத்தைத் தொறந்துட்டாங்க, மேஜை காலியா இருக்கு. கேக் போனாப் போகுதும்மா, நீ வா. நீ இல்லாம நான் உள்ள போகமாட்டேன்."

டல்சி தடுப்பைப் பார்த்தாள். வேன் போக வழியில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதே நேரத்தில், தன் வாசலில் நாலு திடகாத்திரமான ஆட்கள் வேலையில்லாமல் நிற்பதும் கண்ணில் பட்டது.

உள்ளே போய், ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஸ்டானும் மாரெக்கும் கைகொடுக்க, கேக்கைப் பலகையோடு வாசலுக்குக் கொண்டுவந்தாள். நேரே கிளைவிடமும் ரோவீனாவிடமும் போய், அந்த ஊரில் இதுவரை எவரும் மறுத்திராத குரலில் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு நிமிஷம் இதைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

"ஓ, தாராளமா," என்று இரண்டு பேர் வாயும் தானாகச் சொன்னது. நான்கு கைகள் தானாக நீண்டன. கேக் கைமாறியது.

அப்புறம்தான் ரோவீனாவுக்கு உறைத்தது. "மிஸஸ் ஹார்கின், எங்க வெக்கணும்?"

"அரை மைல்தாங்க. தேவாலயத்துக்கு அடுத்த கூடம். பாத்துங்க, அந்த இழை அறுந்தா என் உசுரு போயிடும்."

கீழே வைக்க இடமில்லை. சாய்த்தால் சரியும். கிளைவ் பின்பக்கமாக நடக்க, ரோவீனா முன்பக்கமாக நடக்க, ஊர்வலம் புறப்பட்டது. சாலையில் வண்டிகளை நிறுத்துகிற வட்டப் பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஸ்டான் முன்னால் போனான். மாரெக் பின்னால் வந்தான். வேலிகளுக்குப் பின்னாலிருந்து ஊர் எட்டிப் பார்த்தது. ரோவீனா பார்ஜிட்டர் தன் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்து சாலையைப் பார்த்தாள். எதிரே அவர்கள் தோண்டிய பள்ளம்.

"கிளைவ், நில்லு! உன் பின்னாடி பள்ளம்!"

"எத்தன மில்லி?" என்றான் கிளைவ், பழக்க தோஷத்தில்.

"மில்லியா முக்கியம்? பள்ளம்யா! பெரிய பள்ளம்! கால் போச்சுன்னா கேக் போச்சு! யாராவது இதை முதல்ல மூடித் தொலைங்களேன்!"

ஸ்டான் திரும்பி நின்றான். தபால்காரர் வேலி ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு முப்பத்தாறு. புகார் பதிவாயிடுச்சுங்க. நாங்க பத்துப் பேர் சாட்சி."

கிளைவ் காலால் துழாவித் துழாவி, ஓரமாகத் தாண்டினான். இழை ஒன்றுகூட அறவில்லை. கூடம் வரைக்கும் ரோவீனா கத்திக்கொண்டே போனாள். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, ஐயோ இதென்ன கெணறு மாதிரி. பதினேழு பள்ளம் எண்ணியதாகத் தபால்காரர் பிறகு சொன்னார்.

டல்சி தேவாலய வாசலில் அவர்களை முந்திக்கொண்டாள். படியில் ஹெட்டி வெள்ளை உடுப்பில் நின்று, வருகிற ஊர்வலத்தைப் பார்த்து அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மகளிடம் போவதற்கு முன் டல்சி ஒரு கணம் நின்றாள். தன் கழுத்திலிருந்து நீல நாடாவைக் கழற்றி ரோவீனாவின் கழுத்தில் மாட்டி, அட்டை கேக்கில் படாதபடி தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். "ரிஸ்க்கைச் சாட்சியோட கையில வாங்கிட்டீங்க பாருங்க."

இரண்டு கைகளும் கேக்குக்கு அடியில் இருந்ததால் ரோவீனாவால் மறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை தணிக்கையாளர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். பம்ப் லேன், ஆழம் அறுபத்தொன்று, உரிமையாளர் கவுன்சில் அதிகாரி. ஏழு வருஷத்தில் ஒரு ரிஸ்க் கவுன்சிலுக்கே திரும்பி வந்தது அதுதான் முதல்முறை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, டல்சியின் வாசலில் தார் லாரி ஆவி பறக்க வந்து நின்றது.